மூன்று ஞாயிறுகளில் ஆலோசகர் ஆனவர்

கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது சண்முகநாதனின் கலியாண சேவை நிலையம். மரப்படியின் அடியில் ஒரு பலகை தொங்குகிறது. முதலில் அதில் ‘திருமணப் பொருத்தம்’ என்று மட்டும்தான் இருந்தது. போன வருடம் அதற்குக் கீழே இன்னொரு வரி ஏறியது: ‘சான்றிதழ் பெற்ற மரபணு ஆலோசகர்’. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தத் துறைக்குப் பிறப்புரிமையியல் என்று பெயர். அவ்வளவு நீளமான சொல் பலகையில் அடங்காது என்று பெயின்டர் சொன்னார். உடனே சண்முகநாதன் ‘மரபணு’வுக்கு இறங்கி வந்தார். அந்தத் துறையைப் பற்றி அவர் யாரிடமாவது கேட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் பெயின்டரிடம்.

அவர் படிக்காதவர் அல்ல. தொல்லையே அதில்தான். சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவர். விஞ்ஞானத்தில் ஒரு சாதாரண சித்தியோடு தட்டுத்தடுமாறித் தேறியவர். பிறகு புடைவைக் கடையில் நின்றார். காப்புறுதி விற்றார். கொஞ்சக் காலம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றார். எதை விற்றாலும் அதைக் கண்டுபிடித்ததே தாம்தான் என்ற முகத்தோடு விற்பார். வடிகட்டி விற்ற நாட்களில் கண்டி வாவித் தண்ணீரில் என்னென்ன புழு இருக்கிறது என்று சோற்றுத் தட்டின் முன் பிரசங்கம் செய்வார். வீட்டில் ஒருவரையும் பச்சைத் தண்ணீர் குடிக்க விடமாட்டார். அந்த வியாபாரம் நின்ற மறுநாள் காலை அவரே முற்றத்துக் குழாயில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். மகள் சஞ்சீவனி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது பத்து வயது. அப்பாவை இகழத் தொடங்கியது அந்தக் குழாயடியில்தான்.

இப்போது அவளுக்கு இருபத்தைந்து. மாநகர சபையில் வரிப் பிரிவில் எழுதுவினைஞர். இகழ்ச்சி வளர்ந்து, வீட்டில் ஒரு தளபாடம் மாதிரி ஆகிவிட்டது. யாரும் அதில் முட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

கலியாணத் தரகு சண்முகநாதனுக்கு நன்றாகவே வாய்த்தது. ஆனால் சில வருடங்களாக வருகிறவர்கள் ஜாதகத்தோடு புதிதாக ஒன்றையும் கேட்கத் தொடங்கினார்கள். “ரத்தம் பாத்தாச்சா?” தலசீமியா என்ற இரத்த நோயைப் பற்றிச் சுகாதாரப் பகுதியினர் பாடசாலைகளிலும் தோட்டங்களிலும் பேசிப் பேசி, கலியாணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சனங்களின் காதில் ஏறியிருந்தது. எதற்காக என்பது மட்டும் ஏறவில்லை. சண்முகநாதனின் காதிலும் ஏறவில்லை. ஆனால் புதிதாக ஒரு சாமான் சந்தைக்கு வந்திருக்கிறது என்பது அவருக்கு உடனே விளங்கியது.

அந்த வேலை உண்மையில் என்ன என்று இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சண்முகநாதன் ஒரு நாளும் சொல்லமாட்டார். குடும்பத்தில் இரத்த வழியாக இறங்கி வரும் நோய் எது, அது அடுத்த பிள்ளைக்கு வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, என்னென்ன செய்யலாம் என்பதையெல்லாம் விளங்கும்படி சொல்லி, முடிவைக் குடும்பத்திடமே விட்டுவிடுவதுதான் அந்த வேலை. முன்பெல்லாம் இதை வார்ட்டு நடையில் நின்றபடியே டாக்டர்மார் முடித்துவிடுவார்கள். “சொந்தத்தில் கட்டினீர்களா? அதுதான்” என்று ஒரு திட்டு. ஆலோசனை முடிந்தது. அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய தாய்மார், அடுத்த பிள்ளையைப் பெறலாமா கூடாதா என்று தெரியாமலே பெற்றார்கள். வெளிநாடுகளில் இதை ஒரு தனித் தொழிலாக்கினார்கள். வருடக் கணக்கில் படிப்பித்து, தேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்கக் கவனிக்க நோயாளிகளோடு பேசப் பழக்கிய பிறகுதான் ஆட்களை வெளியே விடுகிறார்கள். நம் பக்கத்தில் அது இப்போதுதான் தவழ்கிறது. தொழில் எழுந்து நிற்பதற்கு முன்பே அதன் பெயரை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓட ஆள் வந்துவிட்டது.

பேராதனை வீதியில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த தனியார் நிலையம், ‘மரபணு ஆலோசனைச் சான்றிதழ்’ என்று விளம்பரம் போட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மதியச் சாப்பாடும் உண்டு. படிப்பித்தவர் விவேகானந்தன். யாழ்ப்பாணத்துக்காரர். ஆய்வுகூடங்களுக்கு இரசாயனம் விற்கும் கம்பனியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரசாயனப் போத்தல்களோடு இருந்த நீண்ட பழக்கத்தை அறிவு என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

சண்முகநாதன் வகுப்பு முழுவதையும் கைத்தொலைபேசியில் பதிந்து வந்து, இராச்சாப்பாட்டின்போது வீடு முழுக்கக் கேட்கும்படி போடுவார். அதனால் சஞ்சீவனிக்கும் அந்தக் கோர்ஸ் ஓசியில் கிடைத்தது. ஒவ்வொரு படத்தையும் காட்டி முடித்ததும் விவேகானந்தனின் குரல் கேட்கும்.

“விளங்கினதோ?”

“விளங்கினது சேர்,” என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லும்.

“ஓம், அப்ப அடுத்ததுக்குப் போவம்.”

விளங்கவில்லை என்று சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு வராது. பாலர் வகுப்பில் தொடங்கிய பழக்கம். கேட்கிறவருக்கும் அது தெரியும். ஆமாம் என்ற பதில் வேண்டித்தானே கேட்கிறார்.

மூன்றாவது ஞாயிறின் கடைசிப் படத்தில் தாயும் தகப்பனும் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக இருந்தார்கள். கீழே நாலு பிள்ளைகள். பஸ்லினா என்ற பெண், ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், கையை உயர்த்திக் கேட்டாளாம்: “சேர், இதுல ஒரு புள்ள மட்டும் முழுக்கக் கறுப்பா ஈக்கிதே, அது என்ன?”

“அது சோதனைக்கு வராது தங்கச்சி. படம் எடுக்கிறவர் வந்திட்டார். எழும்புங்கோ எல்லாரும், வெளிச்சம் போக முதல் எடுத்திடுவம்.”

பிறகு பதிவில் கதிரைகள் இழுபடும் சத்தம். அந்தக் கேள்வியும் பதிலும் ஓடியபோது சஞ்சீவனி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. சான்றிதழோடு சண்முகநாதன் நிற்கும் படம் மட்டும் சட்டத்துக்குள் ஏறி, நிலையத்துச் சுவரில் இலட்சுமிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது.

அதற்குப் பிறகு நிலையத்துக்கு வருகிற வரனெல்லாம் இரத்தப் பரிசோதனை அட்டையோடுதான் வரவேண்டும் என்று சட்டம் போட்டார். சொந்த வீட்டிலிருந்தே தொடங்கினார். சஞ்சீவனியின் அட்டையில் ‘தலசீமியா காவி’ என்று வந்தது. காவி என்றால், நோயை உடம்பில் ஒளித்துவைத்துச் சுமக்கிறவர். அவருக்கு ஒன்றும் செய்யாது. உண்பார், உறங்குவார், நூறு வயது வரைக்கும் இருப்பார்.

தாய் இரத்தினம்மா அட்டையைப் பார்த்துவிட்டு அழுதாள்.

“இதுல அழ என்னா இருக்கு?” என்றார் சண்முகநாதன். “செவ்வா மாதிரிதான் இதுவும். செவ்வா தோசம் உள்ள புள்ளைக்குச் செவ்வா உள்ள மாப்பிள்ளதானே தேடுறோம்? ரெண்டு பக்கமும் இருந்தா ஒன்ன ஒன்னு கழிச்சிரும். காவிக்குக் காவி. வெளங்குச்சா?”

“வெளங்குச்சுங்க,” என்றாள் இரத்தினம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவளுக்கும் செவ்வாய், அவருக்கும் செவ்வாய். இருவரும் இருபத்தேழு வருடமாகக் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறார்கள். இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

கேவலம் என்னவென்றால், சஞ்சீவனியும் நம்பினாள். அப்பா வாங்கி வந்த செருப்பு ஒரு மாதம் தாங்கும் என்று சொன்னாலும் நம்பாதவள், இதை நம்பினாள். பிறந்ததிலிருந்து கேட்ட தோஷக் கணக்கும் சட்டத்துக்குள் மாட்டிய சான்றிதழும் ஒரே பதிலைச் சொன்னபோது, அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

அந்த முறையை சண்முகநாதன் ஏற்கெனவே ஒரு தடவை வெற்றிகரமாக நடத்தியிருந்தார். கடுகண்ணாவையில் பேக்கரி வைத்திருக்கும் இராமகிருஷ்ணனின் மகள் கஜலட்சுமி காவி. மற்ற தரகர்கள் அந்த அட்டையைக் கண்டதும் நழுவியபோது, இவர் மாத்தளைப் பக்கம் வரை அலைந்து ஒரு காவி மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தார். அவர்களுக்கு வருகிற தை மாதம் கலியாணம். இராமகிருஷ்ணன் பெரிய கேக் ஒன்றோடு வந்து காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மகளுக்கும் அதே மாதிரி ஒருவனைத் தேடிப் பிடித்தார். சதீஸ்குமார். பிலிமத்தலாவையில் குடும்பத்துக்குச் சொந்தமான பித்தளைச் சாமான் கடை. பங்குனியில் நாள் குறித்தார்கள், மண்டபமும் பார்த்தாயிற்று. சதீஸ்குமார் மோசமில்லை. தொலைபேசியில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். “நாம ரெண்டு பேரும் ஒரே பேட்ச் சரக்கு. ஒங்க அப்பா ஸ்டிக்கர் ஒட்டித்தான் வித்திருக்காரு,” என்பான். சஞ்சீவனிக்கு அவனைப் பிடித்துப்போனது. வரிப் பிரிவில் மதிய இடைவேளைகள் சின்னதாகத் தெரியத் தொடங்கின.

எல்லாம் அப்படியே நடந்து முடிந்திருக்கும். கெடுத்தது சண்முகநாதனின் ஆசை. நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மரபணு ஆலோசகராக ஒரு பெண் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டார். அந்தப் பெண்ணோடு நின்று ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டினால், அரசாங்கமும் தாமும் தோளோடு தோள் நிற்பது மாதிரி இருக்கும் அல்லவா? விஞ்ஞான முறையில் பொருத்திய சோடி என்று காட்டுவதற்காக மகளையும் வருங்கால மருமகனையும் கூட்டிக்கொண்டு ஒரு புதன்கிழமை புறப்பட்டார். கறுப்பு நீளக் காற்சட்டை, முழுக்கை சேர்ட், கையில் பெயரட்டைக் கட்டு.

அந்த அறை முன்பு வார்ட்டுத் துணிகள் வைக்கும் களஞ்சியமாக இருந்தது. இன்னும் சவர்க்கார மணம் போகவில்லை. ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டை. ஆலோசகர் மஸாஹிராவுக்கு முப்பது வயது இருக்கும். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். அவளை எந்தப் பதவியில் போடுவது என்று ஆஸ்பத்திரிக்குத் தெரியாததால், சம்பளப் பட்டியலில் ஆராய்ச்சி உதவியாளர் என்று கிடந்தாள்.

“நாம ஒரே துறை மிஸ்,” என்று சண்முகநாதன் பெயரட்டையை நீட்டினார். “நீங்க எத்தன வாரக் கோர்ஸ்?”

“ரெண்டு வருஷம்.”

“ஓ, அவ்வளவு மெதுவாவா சொல்லிக் குடுத்தாங்க? நாங்க இன்டென்சிவ்.”

மஸாஹிரா பெயரட்டையை வாங்கி மேசையில் வைத்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று சஞ்சீவனிக்குப் பட்டது.

“இருங்க. அப்பாவும் இருக்கலாம். ஆனா பேசப் போறது இவங்க ரெண்டு பேரும்தான்.” மகளின் பக்கம் திரும்பினாள். “நீங்க ரெண்டு பேரும் காவி எண்டு அட்டையில ஈக்கி. அத வச்சு நீங்க என்ன வெளங்கி வச்சிருக்கீங்க? புஸ்தகத்துல உள்ளது வேணாம். ஒங்கட சொல்லுல சொல்லுங்க பாப்பம்.”

இப்படி ஒரு கேள்வியை சஞ்சீவனியிடம் யாரும் கேட்டதில்லை. விளங்கினதா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். விளங்கியது என்ன என்று கேட்டால் தப்ப வழியில்லை.

“எனக்கு இருக்கு மிஸ். அவருக்கும் இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் இருந்தாத்தான் பிரச்சின. ரெண்டு பேருக்கும் இருந்தா ஒன்ன ஒன்னு கழிச்சிரும். அதனாலதான் எங்களுக்குப் பொருத்தம்.”

சண்முகநாதன் ஆசிரியரைப் போலத் தலையாட்டினார். சதீஸ்குமாரும் தலையாட்டினான். மஸாஹிராவின் கையிலிருந்த பேனை மட்டும் அசையாமல் நின்றது.

“நல்லது, சொன்னீங்க,” என்றாள் கொஞ்சம் பொறுத்து. “இது தலகீழா ஈக்கி. நீங்க பிழை செஞ்சதா நெனைக்க வேணாம். நான் ஒன்டு காட்டுறன்.”

மேசை இலாச்சியைத் திறந்து பொத்தான்களை எடுத்தாள். சஞ்சீவனிக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. சதீஸ்குமாருக்கும் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. “வெள்ள நல்லது, கறுப்பு பழுது. ஒங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வெள்ள ஈக்கிறதால ஒங்களுக்கு ஒன்டும் செய்யல்ல. இப்ப கண்ண மூடுங்க. பொத்தான மாத்தி மாத்தி உருட்டுங்க. ஆளுக்கு ஒன்ட மேசையில வைங்க. அதுதான் ஒங்கட புள்ள.”

முதல் தடவை வெள்ளையும் வெள்ளையும் விழுந்தன. சதீஸ்குமார் சிரித்தான். இரண்டாம் தடவை வெள்ளையும் கறுப்பும். “நம்மள மாதிரி,” என்றான். மூன்றாம் தடவை சஞ்சீவனி கண்ணைத் திறந்தபோது மேசையில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

“இந்தப் புள்ளைக்கு நல்லது ஒன்டும் கெடைக்கல்ல,” என்றாள் மஸாஹிரா. “இதுட ஒடம்பு சரியான ரத்தம் செய்யாது. மாசா மாசம் ஏத்தணும். வாழ்நாளுக்கும். ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. மூத்த புள்ள தப்பினா அடுத்தது தப்பும் எண்டும் இல்ல. ஒங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் காவி ஈந்திருந்தா, இந்த ரெண்டு கறுப்பும் சேரவே சேராது.”

சண்முகநாதன் இருமினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்ப நாங்க கட்டக்கூடாதா மிஸ்?” என்று சஞ்சீவனி கேட்டாள்.

“அத நான் சொல்ல மாட்டன்.” என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று மஸாஹிரா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டிக்கொண்டு பிள்ளை பெறாமல் இருக்கலாம், தத்தெடுக்கலாம், துணிந்து பெற்று, நோய் வந்தால் வைத்தியம் பார்க்கலாம், வயிற்றில் இருக்கும்போதே சோதிக்க முடியும், ஆனால் நோய் என்று தெரிந்தால் கருவைக் கலைக்க இந்த நாட்டுச் சட்டம் விடாது, கட்டாமலும் விடலாம். ஒன்றைக்கூட மற்றதைவிட இறுக்கமாகச் சொல்லவில்லை.

சஞ்சீவனிக்குக் கோபம் வந்தது. “ரெண்டு வருசம் படிச்சிருக்கீங்க. கட்டு, இல்லாட்டி கட்டாதன்னு ஒரு வார்த்த சொன்னா என்னா? பின்ன எதுக்கு நீங்க?”

“நான் சொன்னா அது என்ட முடிவு. பத்து வருஷத்துக்குப் பொறகு இந்த ஆஸ்பத்திரி வாங்குல புள்ளையோட குந்தி இருக்கப் போறது நான் இல்லயே.”

“பாத்தீங்களா!” என்று சண்முகநாதன் துள்ளி எழுந்தார். “மிஸ்ஸே கூடாதுன்னு சொல்லல்ல! நம்ம முறையில தப்பு இல்ல.” கைத்தொலைபேசியை வெளியே எடுத்தார். “ஒரு படம் எடுத்துக்குவமா மிஸ்?”

அந்த நேரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது சஞ்சீவனிக்குப் பழைய குழாயடி நினைவுக்கு வந்தது. அன்று நனைந்த வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதும் இதே முகம்தான்.

அறையை விட்டு வெளியே வந்தால் எதிரே இரத்தம் ஏற்றும் அறை. கதவு திறந்து கிடந்தது. ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமி கட்டிலில் சாய்ந்திருந்து நேர்ஸைத் திட்டிக்கொண்டிருந்தாள். “அந்தக் கை இல்ல மிஸ், அதுல நரம்பு வராது. இந்தக் கையில, இங்க, மேல குத்துங்க.” நேர்ஸ் கையை மாற்றினாள். தாய் சுவரில் சாய்ந்து நின்றாள். தன் நரம்பு எது என்று அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது. சதீஸ்குமாரும் சஞ்சீவனியும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள்.

சண்முகநாதன் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார். இருவரும் வாசலில் வடை வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“நாலுல மூனு தப்புதே,” என்றான் சதீஸ்குமார்.

“நாலுல ஒரு வெளக்கு ஒழுகும்னு சொல்லி ஒங்க கடையில விப்பீங்களா?”

“அது வெளக்கு சஞ்சி.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அவன் வடை வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “எங்க வீட்ல புள்ள இல்லாம ஒத்துக்க மாட்டாங்க,” என்றான். “எனக்கும் புள்ளைங்க வேணும்.”

“எனக்கும்தான்.”

“அப்ப… நான் வீட்ல சொல்லவா, நீ சொல்றியா?”

அவன் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குப் பின்னால் ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. சஞ்சீவனி அந்த நிம்மதியை இகழப் போனாள். தன் நெஞ்சிலும் அதுவே இருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். அவன் பிலிமத்தலாவை பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோரம் இருந்து கையைக் காட்டினான். இவளும் காட்டினாள். அன்றிரவு சாப்பிடும்போது, கலியாணம் நின்றுவிட்டது என்று தாயிடம் சொன்னாள். இரத்தினம்மா அழுதாள், சண்முகநாதன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தார்.

மறு வாரம் மாநகர சபையில் பக்கத்து மேசைக்காரி சஞ்சீவனியின் தோளைத் தொட்டாள். “ஒங்க அப்பா பெரிய மனுசன்தான் போங்க. கோயில்ல வச்சு எல்லாருக்கும் சொன்னாரு. ‘மரபணு ரீதியா ஒத்துவரல்ல, நானே நிறுத்திட்டேன். சொந்த மகள்னு பாக்கல்ல, விஞ்ஞானம்னா விஞ்ஞானம்’னாரு. எங்க மாமிக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு. எங்க தங்கச்சி சாதகத்தக் கொண்டு போகப் போறோம்.”

சஞ்சீவனிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வேலை முடிந்து வீதியில் நடக்கும்போதுதான் கடுகண்ணாவை நினைவுக்கு வந்தது. கஜலட்சுமி. அவளும் காவி, அவளுக்குத் தேடிக் கொடுத்தவனும் காவி. தனக்குப் பொத்தான் உருட்ட ஓர் ஆள் கிடைத்தாள். அவளுக்கு? நேரே மரப்படி ஏறினாள்.

சண்முகநாதன் தனியாக இருந்தார். யாரோ ஒருத்தியின் இரத்த அட்டையை ஜாதகத்தோடு சேர்த்துக் குத்திக்கொண்டிருந்தார்.

“இராமகிருஷ்ணன் அங்கிளுக்குச் சொல்லிட்டீங்களா?”

“எதப் பத்தி?”

“அப்பா.”

அவர் குத்தூசியைக் கீழே வைத்தார். “அவங்க பத்திரிக அடிச்சிட்டாங்க புள்ள. ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு.”

“எனக்குந்தான் மண்டபம் பாத்தாச்சு.”

“நீ வேற. நீ வீட்டுப் புள்ள. அந்தாளு கேக் கொண்டாந்து குடுத்தவன். இப்பப் போயி மாத்திச் சொன்னா நம்ம பேரு என்னாகிறது? பலகைய இறக்க வேண்டியதுதான்.”

சஞ்சீவனி வாடிக்கையாளர் கதிரையை இழுத்து எதிரே இருந்தாள். “அப்பா, நீங்க வெளங்கினத நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் இருந்தா புள்ளைக்கு என்னாகும்?”

அவர் சுவரைப் பார்த்தார். சட்டத்துக்குள் அவரே சான்றிதழோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

“நாலுல ஒன்னு,” என்றார் மெதுவாக.

விளங்கியிருக்கிறது. அன்று அந்தக் களஞ்சிய அறையிலேயே விளங்கியிருக்கிறது. விளங்கிக்கொண்டுதான் படம் எடுக்கக் கேட்டார். விளங்கிக்கொண்டுதான் கோயிலில் போய் மார் தட்டினார். கடுகண்ணாவைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை நாளும் நன்றாகத் தூங்கினார். ஒன்றும் தெரியாத மனிதர் என்றுதான் இவ்வளவு காலமும் சஞ்சீவனி அவரை இகழ்ந்தாள். அது அவருக்குச் செய்த மரியாதையாகப் போய்விட்டது.

மேசையிலிருந்த அவருடைய கைத்தொலைபேசியை எடுத்து, இராமகிருஷ்ணனின் பெயரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள். பேக்கரிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

“வணக்கம் ஐயா! சொல்லுங்க, சொல்லுங்க!”

சண்முகநாதன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் சேர்ட் கொலரைச் சரிசெய்தார். நிமிர்ந்தார். குரலில் பழைய கனம் திரும்பியது.

“இராமகிருஷ்ணன், ஒரு முக்கியமான விசயம். வெளிநாட்டுல புதுசா ஒன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. எங்க துறையில உள்ளவங்களுக்கு இப்பத்தான் தகவல் வந்தது. காவியும் காவியும் கட்டினா புள்ளைங்களுக்கு நாலுல ஒன்னுக்கு நோய் வரும்னு முடிவு பண்ணியிருக்காங்க.”

பேக்கரியில் ஏதோ தட்டு விழுந்தது. “அப்ப போன வருசம் ரெண்டும் கழிஞ்சிரும்னு சொன்னீங்களே ஐயா?”

“அப்ப அதுதான் விஞ்ஞானம்.”

பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குள் சொல்ல வேண்டிய ஒரே உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது. அதை உடைக்க சஞ்சீவனிக்கு இப்போது நேரமில்லை.

“இப்ப நாங்க என்னாங்க செய்றது?” இராமகிருஷ்ணனின் குரல் சின்னதாகியிருந்தது.

“ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு இருக்கு. நம்ம துறைதான். சின்னப் புள்ள, நான் சொன்னாக் கேட்கும்…”

சஞ்சீவனி கைத்தொலைபேசியை இழுத்து எடுத்தாள். “அங்கிள், நான் சஞ்சீவனி. மகள். அவங்க பேரு மஸாஹிரா மிஸ். கஜலட்சுமியும் மாப்பிள்ளையும் சேர்ந்து போகணும், கலியாணத்துக்கு முன்னுக்கு. அவங்க கட்டுன்னும் சொல்ல மாட்டாங்க, கட்டாதன்னும் சொல்ல மாட்டாங்க. அவங்க ரெண்டு பேருந்தான் முடிவெடுக்கணும். நானும் அப்பிடித்தான் எடுத்தேன். வெளங்…” அந்தச் சொல்லைப் பாதியில் விழுங்கினாள். “நான் சொன்னத நீங்க ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க அங்கிள்.”

“அதாவது…” இராமகிருஷ்ணன் யோசித்தார். “இப்ப சட்டம் மாறியிருக்கு. ரெண்டு பேருக்கும் தோசம் இருக்கிறதால, ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசியப் போட்டுக்கிட்டா தையிலயே கலியாணத்த வச்சுக்கலாம். சரிங்களா?”

“இல்ல அங்கிள். முதல்ல இருந்து சொல்றேன். கேளுங்க. கஜலட்சுமிகிட்ட ரெண்டு பொத்தான் இருக்குன்னு வைங்க…”

சண்முகநாதன் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றார். பொத்தான் கதை இரண்டாம் தடவையும் முடிந்து, இராமகிருஷ்ணன் அதையும் பிழையாகத் திருப்பிச் சொல்லி, மகள் மறுபடியும் கஜலட்சுமியிடமிருந்து தொடங்கியபோது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்,” என்றார் வாசலில் நின்று. “யாரும் ஆலோசனைக்கு வந்தா இருக்கச் சொல்லு.”